தாளில் எழுதினவர் ஆசிரியர், நாடாவை வெட்டினவள் எடுபிடியா?

"இங்கிலாந்துக்காரன் டிவி நாடகத்தோட மியூசிக்கப் பத்தி நம்ம பத்திரிகையில எதுக்குத் தோழர்?"

ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் இதைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் எழுந்து கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிற ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். நமக்கென்று சில விஷயங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பசி, பஞ்சமி நிலம், வெண்மணி, ரெட்டை டம்ளர். இவற்றை நாம் எழுதலாம். எழுதினால் 'ரத்தமும் சதையுமா இருக்கு' என்று பாராட்டவும் செய்வார்கள். பீத்தோவனைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அதற்கென்று ஒரு அலமாரி இருக்கிறது. ஊருக்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு என்பது மாதிரி எழுதுகிற விஷயத்திலும் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். ஊர்க் கிணற்றிலும் இறங்கித் தண்ணீர் எடுப்பேன் என்பதுதான் தோழருக்கு என் முதல் பதில். இரண்டாவது பதில் கொஞ்சம் நீளம்.

என் அக்கா மகன் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை செய்கிறான். ஒருநாள் என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "மாமா, இதக் கேளுங்க. எந்த வருசத்துது, எந்த சிந்தசைசர்ல பண்ணதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றான். அடியில் ஏதோ ஒன்று குதித்துக் குதித்து ஓடிவருகிற மாதிரி ஒரு துடிப்பு. அதற்கு மேலே மனிதக் குரலும் இல்லாமல் வயலினும் இல்லாமல் ஒரு ஊளை, ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. இடையிடையே காற்று சீறுகிறது. எண்பதுகளில் வந்ததாக இருக்கும் என்றேன். சிரித்தான்.

"அறுபத்துமூணு மாமா. சிந்தசைசரே கெடையாது. ஒரு அம்மா பிளேடு வச்சு வெட்டி வெட்டி ஒட்டுனது."

அந்த அம்மாவின் பெயர் டீலியா டார்பிஷயர். அது 'டாக்டர் ஹூ' என்கிற தொலைக்காட்சித் தொடரின் தலைப்பு இசை.

பிபிசி அந்தத் தொடரை 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை ஒளிபரப்பத் தொடங்கியது. அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். முதல் பகுதியைச் சரியாக யாரும் பார்க்கவில்லை என்று அடுத்த வாரம் திரும்பவும் போட்டார்கள். நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றுக்குள் ஏறிக்கொண்டு காலத்திலும் அண்டவெளியிலும் திரிகிற ஒரு கிழவரின் கதை. 1989 வரை தொடர்ந்து ஓடியது, 2005-இல் திரும்ப வந்தது. அந்த நாட்டில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் இந்த இசை கேட்டதும் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு பார்த்தார்கள் என்று சொல்லுவார்கள். தொடரின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்கிற, முப்பது வயதுகூட ஆகாத பெண். முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர். கோட்டு சூட்டுப் போட்ட வெள்ளைக்கார ஆம்பிளைகளின் கோட்டையில் அந்த இரண்டு பேரும் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். இங்கே இசையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தலைப்பு இசை வேண்டும் என்று ரான் கிரெய்னரைக் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர், தொலைக்காட்சித் தொடர்களுக்கு மெட்டுப் போட்டு அப்போதே பேர் வாங்கியிருந்தவர். ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதில் மெட்டு இருந்தது, அடிநாதத்தின் ஓட்டம் இருந்தது. எந்த வாத்தியம் என்பதற்குப் பதிலாக மேகம், காற்று, குமிழி என்கிற மாதிரி சில சொற்கள் இருந்தன. தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தாள் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்புக்கு, லண்டன் மைடா வேல் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. டீலியாவின் மேசைக்கு வந்தது.

இனிமேல் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த வேலையை விவரமாகச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் வழக்கம். விவரத்தை விட்டுவிட்டால் 'கிரெய்னர் இசையமைத்தார், ஒரு பெண் அதைப் பதிவு செய்தார்' என்று ஒரே வரியில் முடிந்துபோகும்.

அடிநாதத்துக்கு ஒற்றைக் கம்பி. அதை ஒரு தரம் மீட்டி நாடாவில் பதிந்துகொண்டார். அந்த ஒரு சத்தத்தைத்தான் வேகமாக ஓடவிட்டும் மெதுவாக ஓடவிட்டும் வேண்டிய சுரம் ஒவ்வொன்றையும் எடுத்தார். நாடாவை வேகமாக ஓட்டினால் சுரம் ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். மேலே கேட்கிற அந்த ஊளைக்கு ஆஸிலேட்டர். இசைக் கருவியே இல்லை அது. மின்பொறியாளர்கள் சாதனங்களைச் சோதிப்பதற்கு வைத்திருக்கிற பெட்டி. அதன் திருகைக் கையால் திருகித்தான் அந்த வழுக்கலைக் கொண்டுவந்தார். காற்றுச் சீறலுக்கு வெறும் இரைச்சலை எடுத்து வடிகட்டினார்.

அப்புறம்தான் பெரிய வேலை. ஒவ்வொரு சுரமும் ஒரு துண்டு நாடா. அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டுமோ அவ்வளவு நீளம். வினாடிக்கு 15 அங்குலம் நாடா ஓடும் என்றால் அரை வினாடிச் சுரத்துக்கு ஏழரை அங்குலம். அளந்து, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடா போட்டு ஒட்டி, அடுத்ததை அளந்து, வெட்டி, ஒட்டி. தாளம் என்று காதில் விழுகிறதே, அது அங்குலக் கணக்கு. இப்படி அடிநாதத்துக்கு ஒரு நீளச் சுருள், மெட்டுக்கு ஒரு நீளச் சுருள், சீறலுக்கு ஒன்று. பல தடங்களை ஒரே நாடாவில் பதிகிற கருவி அங்கே இல்லை. தனித்தனி இயந்திரங்களில் சுருள்களை மாட்டி எல்லாவற்றையும் ஒரே நொடியில் ஓடவிட்டு இன்னொரு நாடாவில் சேர்த்துப் பதிய வேண்டும். ஒரு ஒட்டு கால் அங்குலம் தவறியிருந்தாலும் தாளம் பிசகும். பிசகியது. எங்கே பிசகு என்று கண்டுபிடிக்க, கட்டடத்தின் நீளமான நடைபாதையில் நாடாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப்போட்டு, ஒட்டு ஒட்டாகப் பார்த்துக்கொண்டே போனார்களாம். கூட இருந்து உழைத்தவர் டிக் மில்ஸ் என்கிற உதவியாளர். பாவு விரித்து இழை சரிபார்க்கிற நெசவாளியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும்.

கிரெய்னர் திரும்பி வந்து கேட்டார். அசந்துபோய், இதை நானா எழுதினேன் என்று டீலியாவிடம் கேட்டார். பெரும்பகுதியை நீங்கள்தான் என்று அவர் பதில் சொன்னார். இசை உலகத்தில் இந்தக் கதையை நகைச்சுவைத் துணுக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதினவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு ஒரு பொருள் மாறியிருக்கிறது. அதைப் பார்த்து இது யாருடையது என்று அவரே கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு நிறுவனம் கொடுத்த பதில்தான் இங்கே விவகாரம்.

திரையில் வந்த பெயர்கள்: ரான் கிரெய்னர், பிபிசி ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப். ஒரு மனிதரின் பெயர், ஒரு துறையின் பெயர். டீலியா இல்லை. கிரெய்னர் யோக்கியமான மனிதர், அதையும் சொல்ல வேண்டும். டீலியாவையும் இணை ஆசிரியராகச் சேர்த்து, வருகிற ராயல்டியில் பங்கு கொடுங்கள் என்று அவரே முயன்றார். பிபிசி முடியாது என்றது. ஒர்க்‌ஷாப் ஊழியர்கள் பெயரில்லாமல்தான் இருக்க வேண்டும், அதுதான் விதி. ஆக ஒவ்வொரு முறை அந்த இசை ஒலிக்கும்போதும் தாளுக்குப் பணம் போனது. கைக்கு மாதச் சம்பளம். 1988-இல் இரண்டு பேர் 'டைம்லார்ட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு இந்த இசையை வைத்து ஒரு பாட்டுப் போட்டு, இங்கிலாந்தில் முதலிடத்துக்கே கொண்டுபோனார்கள். அப்போதும் அப்படித்தான்.

இதற்கு வழக்கமாகச் சொல்லுகிற சமாதானம் எனக்குத் தெரியும். "மெட்டு கிரெய்னருடையதுதானே? அந்தம்மா அதுக்கு ஒலி வடிவம் குடுத்தாங்க, அவ்வளவுதான்." சரி. அந்த மெட்டைப் பியானோவில் வாசித்துப் பாருங்கள். ஆர்மோனியத்தில் வாசித்துப் பாருங்கள். மெட்டு இருக்கும். குழந்தையை சோபாவுக்குப் பின்னால் ஓடவைத்தது இருக்காது. 1980-இல் பீட்டர் ஹவல் சிந்தசைசர்களை வைத்து அதைத் திரும்பச் செய்தார். அதற்குப் பிறகு வேறு சிலர் செய்தார்கள். 2005-இல் தொடர் திரும்ப வந்தபோது மரி கோல்டு என்ன செய்தார் தெரியுமா? டீலியாவின் பழைய நாடாவிலிருந்தே ஒலிகளை எடுத்துத் தன் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்துக்கொண்டார். மெட்டுத்தாள் போதுமென்றால் அந்த நாடா எதற்கு?

இன்னொரு தொடரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதே பத்தாண்டுகள், அமெரிக்கா, 1966, 'ஸ்டார் டிரெக்'. அதன் தலைப்பு இசையை அமைத்தவர் அலெக்சாண்டர் கரேஜ். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அந்த மெட்டுக்கு வார்த்தைகள் எழுதினார். அந்த வார்த்தைகளைத் தொடரில் யாரும் ஒரு தடவைகூடப் பாடவில்லை. பாடுவதற்காக எழுதினதும் இல்லை. ஆனால் பாடலாசிரியர் என்று தாளில் பெயர் ஏறிவிட்டது, ஒப்பந்தத்தில் இடம் இருந்தது, ராயல்டியில் பாதி அவருக்குப் போனது. பாடாத பாட்டுக்குப் பாதிப் பங்கு! அட்லாண்டிக் கடலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி ஒவ்வொரு சுரத்தையும் கையால் செய்து ஒட்டினாள், அவளுக்குக் காலணா இல்லை. தாளில் ஏறுகிறவனுக்கு உரிமை, பொருளில் ஏறுகிறவளுக்குக் கூலி. இது சட்டத்தில் இருந்த ஏதோ ஓட்டை என்று சொல்லாதீர்கள். எழுதுகிறவனை மனமாகவும் செய்கிறவளைக் கையாகவும் வைத்துப் பார்க்கிற ஒரு கண் இருக்கிறது. அந்தக் கண் நமக்குப் புதுசா? சாதி வேலைகளைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-இல் சொல்லிவிட்டார். அந்த அடுக்கில் கை எப்போதும் கீழே.

டீலியா தலித் அல்ல. அதில் எனக்குக் குழப்பமில்லை. கேம்பிரிட்ஜில் கணக்கும் இசையும் படித்த வெள்ளைக்காரப் பெண். எங்கள் சேரியையும் அவரையும் ஒன்றாக்கிப் பேசுகிற அபத்தத்தை நான் செய்யப்போவதில்லை. ஆனால் 'மேதை', 'மறக்கப்பட்ட தேவதை' என்று அவரைப் பற்றி இப்போது எழுதுகிறவர்கள் பலர் அவசரமாகத் தாண்டிப்போகிற சில விஷயங்கள் இருக்கின்றன. அவர் பிறந்தது 1937-இல், கவென்ட்ரியில். அப்பா தகரப் பட்டறைத் தொழிலாளி. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரைக் குண்டுபோட்டு அழித்தபோது மூன்று வயதுக் குழந்தை. அந்த அபாயச் சங்கின் ஊளைதான் தன் இசைக்கு முதல் விதை என்று பின்னால் சொல்லியிருக்கிறார். அப்புறம் பிரஸ்டன் ஊருக்குப் போனார்கள், லங்காஷயர் பஞ்சாலைப் பிரதேசம். விடிகாலையில் மில்லுக்குப் போகிற தொழிலாளிகளின் மரச்செருப்பு கல்பாவிய தெருவில் எழுப்புகிற சத்தத்தையும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். இது தெரிந்த பிறகு அந்தத் தலைப்பு இசையைத் திரும்பக் கேட்டேன். வழுக்கி ஏறி இறங்குகிற அந்த ஊளை எனக்குச் சங்கு. அடியில் குதித்து ஓடுவது மரச்செருப்பு. இது என் காது, இப்படிக் கேட்கிறது. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மில் தெருவின் சத்தத்தைக் காதில் வைத்திருந்தது அந்தக் கைதான். தாளில் அது இல்லை.

1959-இல் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை கேட்டுப் போனார். ஒலிப்பதிவுக் கூடத்தில் நாங்கள் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1960-இல் பிபிசியில் சேர்ந்து, 1962-இல் தானே கேட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அந்த ஒர்க்‌ஷாப்பே ஒரு பெண் போராடி வாங்கினதுதான். டெஃப்னி ஓரம். 1958-இல் டெஸ்மண்ட் பிரிஸ்கோவோடு சேர்ந்து அதைத் தொடங்கினார், மறு வருசமே வெளியேறிவிட்டார். அங்கே நடந்த வேலைக்கு 'இசை' என்று பேர் வைக்கவே தயங்கினார்கள். 'சிறப்பு ஒலி' என்றார்கள். கவனிக்க வேண்டிய இடம் இது. செய்கிற பொருளுக்கு இசை என்று பேர் கொடுத்தால் செய்கிறவருக்கு இசையமைப்பாளர் என்று பேர் கொடுக்க வேண்டிவரும். பொருளின் பேரைக் குறைத்துவிட்டால் ஆளின் பேர் தானாகவே குறைந்துபோகும். பறையை 'சாவு மேளம்' என்றும் அடிக்கிறவனை 'வெட்டியான்' என்றும் சொல்லிப் பழகின நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கூடத்துக்காரர்கள் என்னவெல்லாம் வைத்து ஒலி செய்தார்கள் என்று பார்த்தால் ஆசையாக இருக்கிறது. டாக்டரின் நீலப் பெட்டி மறைகிறபோது கேட்கிற கரகர மூச்சு, பிரையன் ஹாட்சன் தன் அம்மா வீட்டுச் சாவியை ஒரு பழைய பியானோவின் தடித்த கம்பிகளில் இழுத்துச் செய்தது. டீலியாவுக்குப் பிடித்த வாத்தியம் பிபிசி அலுவலகத்தில் கிடந்த பச்சை நிறத் தகர விளக்குக் கூடு. அதைத் தட்டி, தட்டுகிற சத்தத்தை வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் நீளுகிற ரீங்காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பாலைவனத்து ஒட்டகக் கூட்டம் பற்றிய ஒரு படத்துக்கு அதை வைத்து இசை செய்தார். தகரப் பட்டறைக்காரர் மகள்.

இப்போது அந்த விதிக்கு வருகிறேன். "ஊழியர் யாருக்கும் பேர் கிடையாது." கேட்க எவ்வளவு சமத்துவமாக இருக்கிறது! யாரும் உசத்தி இல்லை, யாரும் தாழ்த்தி இல்லை, எல்லாரும் கூட்டாகச் செய்தது. நம் இயக்கங்களிலும் இதைக் கேட்டிருக்கிறோம். 'தனிநபர் பேர் எதுக்குத் தோழர், இது கூட்டுப் படைப்பு.' சரிதான், ஆனால் அந்தக் கூட்டுக்கு வெளியே ஒருத்தர் தன் பேரோடு நிற்கிறாரே, அவர் எப்படி? கிரெய்னர் பேர் வந்தது. நடித்தவர் பேர் வந்தது. கதை எழுதினவர் பேர் வந்தது. நிறுவனத்தின் பேர் இருக்கவே இருக்கு. பேரில்லாத சமத்துவம் ஒர்க்‌ஷாப் கதவுக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். அப்படியென்றால் அது சமத்துவம் இல்லை, வரப்பு.

இந்த வரப்பை நான் முதலில் பார்த்தது மைடா வேலில் அல்ல, எங்கள் தெருவில். 1986-இல் ஒரு ஆய்வாளர் தோளில் டேப் ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு வந்தார். நாட்டுப்புறவியல் ஆய்வாம். எங்கள் பெரியம்மா ஒப்பாரி சொல்லுவதில் சுத்துப்பட்டில் பேர் பெற்றவர். சாவு வீட்டில் அவர் வந்து உட்கார்ந்துவிட்டால் செத்தவரின் முழு வாழ்க்கையும் பாட்டில் வந்துவிடும். வாங்கின கடன், கட்டாத தாலி, பண்ணையார் வீட்டுக் களத்தில் வாங்கின அடி, எல்லாம். அவரே கட்டுவார். ஒருத்தருக்குப் பாடினதை இன்னொருத்தருக்குப் பாடமாட்டார். அன்றைக்கு இரண்டு கேசட் முழுக்கப் பாடினார். யாரும் சாகாதபோது ஒப்பாரி பாடுவது ஆகாது என்று முதலில் மறுத்தார், அப்புறம் படிச்ச புள்ள கேட்குதே என்று பாடினார். ஆய்வாளர் காப்பித்தூள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

புத்தகம் 1991-இல் வந்தது. அட்டையில் 'தொகுப்பாசிரியர்' பேர். உள்ளே பெரியம்மாவின் பாட்டுகள், எழுத்து மாறாமல். பாட்டுக்கு மேலே 'நாட்டார் பாடல்'. பின்னிணைப்பில் தகவலாளிகள் பட்டியல் இருந்தது. ஆசையாகப் புரட்டினேன். பெண், வயது 52, சாதி பறையர், கல்வி இல்லை, தொழில் கூலி. பேர் போடவில்லை, சாதியை மறக்காமல் போட்டிருந்தார்கள். அதே மாதிரி மூன்று வரிகள் இருந்தன. மூன்றில் எது எங்கள் பெரியம்மா என்று எனக்கே தெரியவில்லை. அவர் பேரை இங்கே நான் எழுதப்போவதில்லை. முதலில் அந்தப் புத்தகத்தில் வரட்டும்.

கேட்டால், நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது, அது மக்களின் கூட்டு நினைவு என்று சொல்லுவார்கள். பிபிசியின் விதி அச்சு அசலாக இதுதான். பெரிய சங்கீதத்திலும் இதே கதை. மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றையும் பதம் பார்த்துத் தேர்ந்து மிருதங்கத்துக்கு நாதம் கொடுக்கிற கை மேடை ஏறாது. அந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டுக்கு அரங்கம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாடு, தோல், சாதி மூன்றும் சேர்ந்து அந்த அரங்கத்துக்குள் வரக்கூடாது. கிருஷ்ணா பேர்களைச் சொன்னார், நல்ல காரியம். அந்தப் புத்தகத்துக்கும் அட்டையில் ஒரே பேர்தான் என்பதையும் குறித்துவைக்கிறேன்.

நம் பக்கத்துக் கோணலையும் சொல்லாமல் இருக்கக்கூடாது. டீலியாவை உயர்த்திப் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர் டிக் மில்ஸைச் சொல்லுகிறார்கள்? நடைபாதையில் குனிந்து ஒட்டுகளைத் தேடினவர் அவரும்தான். ஒரு கைக்குப் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டு அதற்குக் கீழே இருக்கிற கையை மறைக்கிறோம். தனிமேதைக் கதைகள் எப்போதும் இப்படித்தான் முடியும். நமக்கும் இது நடந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள், நம் மேடைப் பாட்டுக் குழுக்களில் தப்பு அடிக்கிறவன் பேர் எத்தனை கேசட் அட்டையில் வந்தது?

டீலியா 1973-இல் பிபிசியை விட்டு வெளியே வந்தார். நாடு முழுக்க எரிவாயுக் குழாய் பதிக்கிற வேலையில் வானொலிக் கருவி இயக்குகிறவராகச் சேர்ந்தார். பிறகு ஓவியக் கூடத்தில் வேலை, புத்தகக் கடையில் வேலை. இசைக்குத் திரும்பிவர வெகுகாலம் ஆனது. கடைசிக் காலத்தில் இளைஞர்கள் தேடிவந்தார்கள், கொஞ்சம் உற்சாகமாகச் செய்யத் தொடங்கினார். 2001 ஜூலை 3-இல், 64 வயதில் இறந்துபோனார். பரணில் 267 நாடாச் சுருள்கள் இருந்தன, காலைப் பலகாரத் தானிய அட்டைப் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். அவை இப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஒர்க்‌ஷாப்பையே 1998-இல் மூடிவிட்டார்கள்.

தொடரின் ஐம்பதாவது ஆண்டுச் சிறப்புப் படம் 2013 நவம்பரில் வந்தது. அதில்தான் முதல் முறையாகத் திரையில் டீலியா டார்பிஷயர் பேர் வந்தது. செய்த வேலைக்கும் பேருக்கும் நடுவே ஐம்பது வருசம். அவர் செத்துப் பன்னிரண்டு வருசம். 2017-இல் கவென்ட்ரிப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, அதே வருசம் அவர் வளர்ந்த வீட்டில் பெயர்ப்பலகை வைத்தார்கள். பட்டம், பலகை, விழா. நன்றாகச் செய்தார்கள். செத்தவருக்குப் பேர் கொடுப்பதில் எந்த நிறுவனத்துக்கும் செலவில்லை. உயிரோடு இருந்தபோது கிரெய்னர் கேட்ட பங்குதான் செலவு.

கூட்டத்தில் கேள்வி கேட்ட தோழரிடம் பின்னர் டீக்கடையில் இதையெல்லாம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த கேசட்டு எங்க இருக்கு தோழர், ஒங்க பெரியம்மா கேசட்டு?" என்றார். இத்தனை வருசத்தில் நான் அதை யோசிக்கவே இல்லை. புத்தகத்தைப் பற்றித்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் குரல் எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை. அவர் இறந்து இருபது வருசம் ஆகிறது. அவருக்கு ஒப்பாரி சொல்ல அவர் அளவுக்கு யாரும் இல்லை.

அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். வருசம், ஊர், பெரியம்மாவின் பேர், பாடின பாட்டுகளின் முதல் அடிகள் எல்லாம் குறிப்பிட்டிருந்தேன். பதில் வந்தது, மரியாதையான பதில்தான். எங்கள் ஒலிநாடாக்கள் பெயர்வாரியாக அடுக்கப்படவில்லை, தகவலாளி எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் தேடிப் பார்க்க இயலும் என்று இருந்தது.

எண் எனக்குத் தெரியாது. பெரியம்மாவின் பேரை மட்டும் திரும்பவும் எழுதி அனுப்பியிருக்கிறேன். அக்கா மகன் நாடாவைச் சுத்தம் செய்கிற மிஷினை இரவல் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான்.